பழைய கார்களைப் படமெடுத்துப் பிழைப்பது

குமரி மாவட்டத்தில் கேமராவை வைத்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள்தான். முகூர்த்த மாதங்களில் கிடைக்கும் பணம்தான் லென்ஸ் வாங்கவும் தவணை கட்டவும் உதவுகிறது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒரு கிளைத்தொழில் பற்றியது இந்த அத்தியாயம். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, கான்டெசா போன்ற பழைய வண்டிகளை விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் ஆவணத்துக்கும் படமெடுத்துக் கொடுப்பது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத வருமானத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வரட்டும் என்று தொடங்குங்கள். திருவனந்தபுரம், மதுரை, கோவை வரை பெயர் பரவினால் அந்தப் பங்கு தானே வளரும்.

புதிதாக வருகிறவர் முதலில் செய்வது, நண்பரின் அம்பாசடரைக் கடற்கரைக்கு ஓட்டிப்போய் சூரியன் மறையும் நேரத்தில் படமெடுப்பது. படம் அழகாகத்தான் இருக்கும், கைபேசியில் பலரும் பாராட்டுவார்கள். ஆனால் அதைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. வேலை கொடுப்பவர் பார்க்க விரும்புவது கதவின் அடிவிளிம்பை, டிக்கியின் தரையை, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தை. துருவை ஒளிக்காமல் காட்டத் தெரிந்தவரைத்தான் இந்தத் தொழிலில் நம்பிக் கூப்பிடுகிறார்கள். அஸ்தமனம் அதற்குப் பிறகு.

யார் காசு கொடுப்பார்கள்

இந்த வண்டிகள் இனி வராது என்பதுதான் இந்தச் சந்தையின் அடிப்படை. வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. அந்தப் பெயரையே 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு பெஜோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு தெருவை விட்டுப் போனது. நம் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு கம்பெனியை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்த வண்டிகளின் பின்சீட்டில் நசுங்கிக்கொண்டு திருச்செந்தூர் போன பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது, கையில் காசும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் இவர்கள்தான். பலர் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருப்பதால் வண்டியை நேரில் பார்க்காமல் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

ஆகவே முதல் வாடிக்கையாளர், வண்டியை விற்க நினைக்கும் வீட்டுக்காரர். இரண்டாமவர் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைக்காரர். ஒரு வண்டியை முழுதாகப் பிரித்துக் கட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துத் தொகுத்துக் கொடுத்தால், அவர் தன் வாடிக்கையாளரிடம் கூலியை நியாயப்படுத்த அந்தத் தொகுப்பு உதவும். என் கணக்கில் இதுதான் நிலையான வருமானம், ஏனென்றால் ஒரு வண்டி பட்டறையில் மாதக்கணக்கில் நிற்கும், நீங்களும் மாதக்கணக்கில் போவீர்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, ஓட்டல் விளம்பரங்கள் பண்டிகை நேரத்தில் வரும். அப்பா ஓட்டிய வண்டியோடு குடும்பப் படம் கேட்பவர்களும் உண்டு. அவர்கள் பேரம் பேசுவதில்லை.

கல்யாண வாடகை வண்டிக்கு விளம்பரம் செய்யும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவை வெள்ளை போர்டு. பதிவு எண்ணோடு ‘வாடகைக்குக் கிடைக்கும்’ என்று போஸ்டர் அடித்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வது உங்கள் வாடிக்கையாளர். ஆர்சி புக்கைப் பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தெரிந்துகொள்வது

கேமராவைத் தெரிந்துகொள்ள ஆகும் காலத்தைவிட வண்டியைத் தெரிந்துகொள்ள அதிக காலம் ஆகும். அம்பாசடர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பவரின் படம் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த வண்டி அது. 1962-இல் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4, 1992-இல் இசுசு எஞ்சினோடு 1800 என்று போயிற்று. ஒவ்வொன்றுக்கும் முன் கிரில் வேறு. மார்க் 2 வண்டியில் மார்க் 4 கிரில்லை மாட்டியிருந்தால், தெரிந்தவர் கண் அங்கேதான் போய் நிற்கும். நீங்கள் அதைப் பளபளவென்று எடுத்துக் கொடுத்தால் குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டியவர் ஆவீர்கள்.

ஹெரால்டு வேறு விதம். பானெட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாக மடங்கித் திறக்கும், எஞ்சினும் முன் சக்கரங்களும் அப்படியே வெளியே தெரியும். படமெடுப்பவருக்கு இதைவிட வரம் வேறில்லை. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது, எனவே வெளிநாட்டு ஹெரால்டு பிரியர்களும் அதன் படத்தை ஆர்வமாகப் பார்ப்பார்கள். பத்மினியில் ஸ்டியரிங் பக்கத்துக் கியர், பெஞ்சு சீட், மீட்டர் எழுத்து, இவைதான் ஞாபகத்தைக் கிளறுபவை. கான்டெசாவுக்கு நீளம்தான் அழகு, பக்கவாட்டில் எடுங்கள்.

வண்டியைப் பார்த்ததும் ஆர்சி புக்கைக் கேளுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பெட்ரோல் அம்பாசடர்களில் டீசல் எஞ்சின் ஏற்றியவை நிறைய. அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் விற்பனை விளம்பரத்தில் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தையும் பெருமையாக எழுதாதீர்கள். வெளியிடும் படங்களில் எண்களின் கடைசி இலக்கங்களையும் வீட்டு முகவரியையும் மறைத்துவிடுங்கள். முழுப் படம் வாங்குபவர் கேட்கும்போது தனியாகப் போகட்டும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘விஏ’ என்று வரும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கே அனுமதி. நகைக்கடை விளம்பரத்துக்கு விஏ வண்டியைச் சாலையில் ஓட்டிப் படமெடுக்க ஏஜென்சி கேட்டால், லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வளாகத்துக்குள் நிறுத்தி எடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். செலவு கூடும், ஆனால் பிறகு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

வண்டியின் கதைக்கும் விலை உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 ஒன்றைக் கடைசிவரை வைத்திருந்தார். சிஏஎன் 42 என்பது அதன் எண். அது வெறும் பழைய பென்ஸ் ஆகாமல் போனதற்குக் காரணம் அவர் அதைக் கைவிடாமல் காத்ததும், அந்தக் கதை சொல்லப்பட்டதும்தான். நம் வாடிக்கையாளரிடம் அரண்மனைக் கதை இருக்காது. ஆனால் கோட்டாறு மொத்தக் கடைக்காரர் முதல் லாபத்தில் வாங்கிய வண்டி, பள்ளி ஆசிரியை பி.எஃப். பணத்தில் எடுத்த பத்மினி என்று ஏதாவது இருக்கும். பழைய ரசீது, சர்வீஸ் புத்தகம், வண்டி வாங்கிய அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் வரிசை

அடிப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். வண்டியை ரேம்பில் ஏற்றிச் சேஸிஸ், ஃப்ளோர், சைலன்சர், லீஃப் ஸ்பிரிங் ஆகியவற்றை நேர் வெளிச்சத்தில் எடுங்கள். பிறகு எஞ்சின் அறை, டேஷ்போர்டு, கிலோமீட்டர் எண், சீட்டுத் தையல், கதவு ரப்பர். பட்டி வைத்த இடம் எங்கே என்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரியும், காந்தம் ஒட்டாத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் வீட்டுக்காரரோடு வாக்குவாதம் வரும்.

“தம்பி, துருவ எதுக்கு எடுக்குதிய? அத விட்டுட்டு எடுங்க.”

“அண்ணாச்சி, வாங்குக ஆளு மெட்ராஸ்லருந்து பஸ் ஏறி வந்து துருவப் பாத்தாம்னா, வந்த வழியே போயிருவான். படத்துலயே பாத்துட்டு வந்தாம்னா, பேரம் பேசத்தான் வருவான்.”

பெரும்பாலும் இந்த ஒரு பதில் போதும். 1960-இல் நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி ஃபோக்ஸ்வாகனுக்குச் செய்த விளம்பரம் இந்த இடத்தில் நினைவுக்கு வரும். வண்டியின் படத்துக்குக் கீழே ‘சொத்தை’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல்தான் தலைப்பு. டேஷ்போர்டுப் பெட்டியின் குரோம் பட்டையில் சிறு வடு இருந்ததால் அந்த வண்டியைத் தொழிற்சாலையே தள்ளிவிட்டது என்று கீழே விளக்கம். ஜூலியன் கோனிக் எழுத்து, ஹெல்முட் க்ரோன் வடிவமைப்பு. அக்காலத்தில் பான்டியாக் விளம்பரங்களுக்கு ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் வான் காஃப்மனும் வண்டியை இருப்பதைவிட அகலமாக வரைந்துகொண்டிருந்தார்கள். ஓவியம் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வடுவைச் சொன்ன விளம்பரத்தைத்தான் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள்.

இனி அழகுப் படங்கள். கேமரா ஹெட்லைட் உயரத்தில் இருக்கட்டும், நின்றபடி எடுத்தால் அம்பாசடர் ஆமைபோலத் தெரியும். அகல லென்சால் பக்கத்தில் போனால் முன்பகுதி உப்பிவிடும், 85 அல்லது 135 மில்லிமீட்டர் வைத்துத் தள்ளி நின்று எடுங்கள். முன் சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, சக்கரத்தின் முகம் கேமராவைப் பார்க்கும்படி வையுங்கள், டயரின் பட்டன் அல்ல. போலரைசிங் ஃபில்டர் பெயிண்டின் மேல் விழும் வானத்துப் பளபளப்பைக் குறைக்கும், ஆனால் கடினப்படுத்திய கண்ணாடியில் புள்ளிபுள்ளியாகக் கறை காட்டும். அதனால் கண்ணாடிக்கு ஒன்றும் உடம்புக்கு ஒன்றுமாக இரண்டு படம் எடுத்துக் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். ஓடும் வண்டிக்கு ஷட்டர் 1/60 நொடி, நாற்பது கிலோமீட்டர் வேகம் போதும். டிக்கியைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்து எடுக்கும் வீரம் வேண்டாம்.

சக்ஷன் கப் வைத்துக் கேமராவை வண்டியில் ஒட்டி எடுப்பது இப்போது வழக்கம். பட்டியின் மேல் அடித்த பழைய பெயிண்டில் அதை ஒட்டினால், எடுக்கும்போது பெயிண்ட் அதோடு வந்துவிடும். பழைய வண்டிக்கு அந்த வித்தை தேவையில்லை.

குரோம் எல்லாவற்றையும் பிரதிபலிக்கும். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியோடு ஆர்வமாக நிற்கும் வீட்டுக்காரரைக் காப்பி குடிக்க அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் பம்பரின் ஒவ்வொரு வளைவிலும் அவர் இருப்பார். விலை உயர்ந்த சாஃப்ட்பாக்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு பெரிய தெர்மோகோல் பலகையும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் பானெட்டின் கோட்டை நன்றாக வரைந்துவிடலாம்.

நாஞ்சில் நாட்டு வெளிச்சம்

நாம் எட்டாவது அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே கிடக்கும். அந்நாட்களில் பத்து மணிக்கு மேல் வெளியே எடுக்காதீர்கள். அந்தி நமக்கு மிகக் குறுகியது, சூரியன் மறைந்த பிறகு பயன்படும் வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம்தான். ஐரோப்பியர் எழுதிய புத்தகத்தில் ‘நீல நேரம்’ பற்றிப் படித்துவிட்டு ஆற அமர ஸ்டாண்டு மாட்டினால் இருட்டிவிடும். ட்ரைபாடு, கோணம், ஹெட்லைட் பேட்டரி எல்லாம் ஐந்தரை மணிக்கே தயாராக இருக்க வேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. பலர் ஆனி, ஆடியில் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பு வண்டிக்கும் கருநீல வண்டிக்கும் நான் தேடிப் போவது அந்த மாதங்களைத்தான். மேகம் மூடிய வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் திரையாகிப் பானெட்டின் மேல் மெதுவாக விழும். குலசேகரம் பக்கம் மழை கொட்டும்போது ஆரல்வாய்மொழி பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஆனால் கணவாய்க் காற்று லைட் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். மணல் மூட்டை கட்டாமல் அங்கே எதையும் நிறுத்தாதீர்கள்.

வயல் பின்னணி வேண்டுமானால் பூவை, அதாவது நெல் போகத்தைக் கணக்கிடுங்கள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் எந்த ஏலாவில் எப்போது நடவு, எப்போது அறுப்பு என்று விவசாயியிடம் கேட்டு வையுங்கள். சுசீந்திரம், தேரூர், பறக்கை பக்கத்து வயல் ஒரு மாதம் பச்சை, ஒரு மாதம் பொன், ஒரு மாதம் வெறும் சேறு. ரப்பர் தோட்டத்தில் இலை உதிரும் மார்கழி, தை மாதங்கள் நல்லவை. மற்ற நாட்களில் இலைக்கூரையின் பச்சை வெள்ளை வண்டியில் படியும், கிரே கார்டு வைத்து நிறத்தைச் சரிசெய்யாவிட்டால் வண்டி பாசி பிடித்ததுபோல் இருக்கும்.

இடமும் அனுமதியும்

பின்னணியும் வண்டியின் காலத்தோடு பொருந்த வேண்டும். ஹெரால்டுக்குப் பின்னால் எல்இடி போர்டும் ஏசி பெட்டியும் தெரிந்தால் படம் பொய்யாகிவிடும். வடிவீஸ்வரம், பூதப்பாண்டி தெருக்களில் படிப்புரையோடு நிற்கும் ஓட்டு வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. வீட்டுக்காரரிடம் முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு, மோட்டார் சைக்கிள்கள் தெருவை நிறைப்பதற்கு முன் எடுத்துமுடியுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. விளம்பரப் படப்பிடிப்புக்குக் கேட்க வேண்டியது அங்கே, நம் கலெக்டர் அலுவலகத்தில் அல்ல. திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். பல வேலைகளுக்கு அரண்மனைக்குள் போகவே தேவையில்லை, வெளிக்கோட்டைச் சுவரையொட்டிய தெரு போதும். வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறைக்கு உட்பட்டது. காளிகேசம், கீரிப்பாறை பக்கம் காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் வண்டி போகாது, 115 அடி உயரத் தூண்களைக் கீழிருந்து பின்னணியாக்கினால் எந்தச் சிறு வண்டியும் கம்பீரம் பெறும்.

கடற்கரையில் மணலில் இறக்காதீர்கள். அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல் எடை, சங்குத்துறையில் புதைந்தால் இழுக்க டிராக்டர் தேட வேண்டும். தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்திக் கடலைப் பின்னால் வையுங்கள். குமரிமுனையில் மார்கழி, தையில் சூரியன் கடலில் இறங்கும், ஆனி ஆடியில் கரைக்குப் பின்னால் மறைந்துவிடும். முட்டத்துப் பாறைகளை பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ காலத்திலேயே எல்லோருக்கும் காட்டிவிட்டதால் புதுக் கோணம் தேட வேண்டும். முடிந்ததும் அன்றே நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவிக் கொடுங்கள். உப்புக்காற்றைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் அடுத்த முறை சாவியை நீட்டுவார்.

250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை வணிக வேலைக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவை. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் பக்கத்தில் இருப்பதை மறக்காமல் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள்.

எழுத்து

படத்தோடு விளம்பர வாசகமும் எழுதிக் கொடுத்தால் கூலி கூடும். டேவிட் ஓகில்வி 1958-இல் எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்தின் புகழ்பெற்ற தலைப்பு, வேகத்தில் போகும்போது வண்டிக்குள் கேட்கும் பெரிய சத்தம் கடிகாரத்துடையது என்ற செய்தி, அவர் கற்பனை அல்ல. ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்பக் குறிப்பில் இருந்ததை வாரக்கணக்கில் படித்துத் தேடி எடுத்தார். நாமும் சர்வீஸ் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ‘ராஜ கம்பீரம்’, ‘காலத்தால் அழியாதது’ என்றெல்லாம் எழுதுவதைவிட, எந்த ஆண்டில் எஞ்சின் போரிங் ஆனது, ரேடியேட்டர் யார் சோல்டரிங் செய்தது, எந்தப் பாகம் மாற்றுப் பாகம் என்று எழுதுங்கள். ‘ஒரிஜினல் பெயிண்ட்’ என்ற சொல்லைக் காந்தம் வைத்துப் பார்க்காமல் எழுதவே கூடாது.

கற்றுக்கொள்ளும் இடமும் காசும்

முறையாகப் படிக்க விரும்பினால் ஊட்டியில் இக்பால் முகமது தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. செலவு அதிகம் என்றால் கோவை ஜிடி கார் மியூசியத்துக்கும் சென்னை வடபழனி ஏவிஎம் வளாகத்தில் 2023-இல் திறந்த மியூசியத்துக்கும் போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எடுக்கக்கூட வேண்டாம், எந்தக் கோணத்தில் எந்த வண்டி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பட்டறைக்காரருக்கு முதல் வண்டியைச் சும்மா எடுத்துக் கொடுங்கள். இரண்டாவது வண்டியிலிருந்து காசு கேளுங்கள், கேட்காமல் விட்டால் நீங்கள் சும்மா எடுப்பவர் என்றே பெயராகிவிடும்.

கொட்டேஷனில் நாள் கூலி, போக்குவரத்து, அனுமதிக் கட்டணம், எடிட்டிங் நான்கையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். ஏஜென்சி வேலையில் படம் எங்கே, எவ்வளவு காலம் பயன்படும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே. நாளை அதே அம்பாசடர் படத்தை உங்கள் தொகுப்பில் காட்டவோ காலண்டருக்கு விற்கவோ நினைத்தால் அதற்கான வாசகத்தைக் கொட்டேஷனிலேயே சேர்த்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மீதிப் பணம் வரும்வரை சின்ன அளவுப் படங்களை மட்டும் அனுப்புங்கள், பெரிய ஃபைல்கள் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கட்டும்.